இரண்டாவது வண்டியின் கணக்கு

2024 டிசம்பர் 19, வியாழக்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். அல்சூர் மெட்ரோவுக்குப் போகிற வழியில் மாமாவின் மெக்கானிக் ஷாப்புக்குள் தலையை நீட்டி, "மாமா, பெரேசைத் தூக்கிட்டாங்க" என்றேன். ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ரெட் புல் அணியின் இரண்டாவது வண்டியை ஓட்டியவர் பெரேஸ். அவர் ஒரு ஆல்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது ரப்பர் செருப்பு மாட்டிய இரண்டு கால்கள் மட்டும்தான். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஸ்பேனர் தரையில் விழுகிற சத்தம்.

"கான்ட்ராக்டு 2026 வரைக்கும் இருந்துச்சேடா?"

"இருந்துச்சு. ஜூன்லதான் நீட்டிச்சாங்க."

"அப்போ காசக் குடுத்து அனுப்பிச்சிருப்பானுங்க" என்று அடியிலிருந்தே சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. மெஜஸ்டிக்கில் வண்டி மாறி பீன்யா போய்ச் சேரும்வரை எனக்கு அதே நினைப்புதான். அதனால்தான் இந்தப் பதிவு.

2024 ஃபார்முலா 1 பருவத்தைப் பற்றி இந்த மாதம் எழுதுகிற எல்லோரும் பட்டம் ஜெயித்த வெர்ஸ்டாப்பனையும் இரண்டாவது வந்த நோரிஸையும் பற்றித்தான் எழுதுவார்கள். எழுதட்டும். எனக்கு வேலை பீன்யாவில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் ஸ்டோர்ஸ். எந்த ரேக்கில் எத்தனை புஷ், எத்தனை பேரிங் என்று எண்ணி எண்ணியே பழகிப்போன புத்தி. அந்தப் புத்தியோடு பாயின்ட்ஸ் பட்டியலைப் பார்த்தால் கண்ணில் படுவது முதல் வண்டி இல்லை, இரண்டாவது வண்டி.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வரி. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கார். ஓட்டுநர் பட்டம் ஒற்றை ஆளுக்கு. அணிப் பட்டத்துக்கு இரண்டு காரும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டுவார்கள். டிவியில் முகம் தெரிவது ஓட்டுநர் பட்டத்தில். பரிசுப் பணம் பிரிவதோ அணிப் பட்டியலின் வரிசைப்படி.

இப்போது கணக்கு. வெர்ஸ்டாப்பன் 437. பெரேஸ் 152. ரெட் புல் மொத்தம் 589, மூன்றாவது இடம். மெக்லாரனில் நோரிஸ் 374, பியாஸ்ட்ரி 292. மொத்தம் 666, பட்டம். ஃபெராரி 652, இரண்டாமிடம். உலகச் சாம்பியனை வைத்துக்கொண்டு ஒரு அணி மூன்றாவதாக வந்திருக்கிறது. பெரேஸ் இன்னும் 78 புள்ளி எடுத்திருந்தால் ரெட் புல்லுக்கு 667. ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, பட்டம் அவர்கள் வீட்டில். 24 பந்தயத்துக்கு 78 என்றால் பந்தயத்துக்கு மூணேகால். வேறு யாரிடமாவது கேட்டால் இது பெரிய காரியமா என்பார்கள்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மயாமி முடிய முதல் ஆறு பந்தயங்களில் பெரேஸ் எடுத்தது 103. மிச்சம் பதினெட்டில் எடுத்தது 49. எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு அயிட்டம் இப்படி இறங்கினால், திருட்டா இல்லை என்ட்ரி தப்பா என்று அன்றைக்கே ஆள் வந்துவிடுவார்கள்.

நான் இப்படிச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். "ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டைய இன்னொருத்தனுக்கு மாட்டி உட்டுட்டு, ஏன்டா தொளதொளன்னு இருக்குதுன்னு கேக்குற" என்பார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வெர்ஸ்டாப்பனுக்குக் காரின் மூக்கு சட்டென்று திரும்ப வேண்டும். பின்பக்கம் கொஞ்சம் வழுக்கினால் கவலையில்லை, அவர் பிடித்துக்கொள்வார். மற்றவர்களுக்கு அந்த வழுக்கலே பயம். 2019-ல் காஸ்லியை அதே இரண்டாவது வண்டியிலிருந்து பாதிப் பருவத்தில் இறக்கிவிட்டார்கள். ஆல்பன் 2020 முடிய. பிறகு பெரேஸ். மூன்று பேரும் ஓட்டத் தெரியாதவர்களா? காஸ்லி வேறு வண்டியில் இத்தாலியின் மான்சா பந்தயத்தை ஜெயித்தவர். ஆக, சட்டை மேலும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

மாமாவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமாக இருக்காது.

மாமா வாணியம்பாடியிலிருந்து சின்ன வயதில் வந்தவர். சிவாஜிநகரில் ஒரு மேஸ்திரியிடம் பதினோரு வருஷம் இரண்டாவது கையாக இருந்தார். எஞ்சின் இறக்குவது, கழுவுவது, பிரித்து வைப்பது இவர். டைமிங் வைத்து ஸ்டார்ட் செய்து காட்டி, வண்டிக்காரரிடம் பணம் வாங்குவது மேஸ்திரி. ஃபார்முலா 1 இவருக்கு அறிமுகமானது ஃபோர்ஸ் இந்தியா வழியாக. விஜய் மல்லையா 2007-ல் ஸ்பைக்கர் அணியைக் கூட்டாக வாங்கி, 2008-ல் ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர் மாற்றி இறக்கியபோது, பெங்களூரில் அது நம்ம ஊர் அணி. தொழிற்சாலை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், ஓட்டுநர்கள் ஜெர்மனி, இத்தாலி. அதெல்லாம் யார் பார்த்தார்கள்? 2009-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் அந்த அணியின் ஃபிசிகெல்லா முதல் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா கடைக்கு வந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். அத்தை இன்றைக்கும் அந்த டீக் கணக்கைச் சொல்லிக் காட்டுவார்.

2016, 2017 இரண்டு வருஷமும் அந்த அணி நாலாவது இடம். ஃபெராரி, மெர்சிடிஸ், ரெட் புல் மூன்றுக்கும் அடுத்தது. பணத்தில் அவர்களுக்கும் இவர்களுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எப்படி முடிந்தது? இரண்டு காரும் ஒவ்வொரு வாரமும் ஐந்து, ஆறு, ஏழு என்று சில்லறை சில்லறையாகச் சேர்த்ததில்தான். அந்த இரண்டில் ஒன்று பெரேஸ். 2018 ஜூலையில் அணி திவாலாகும் நிலைக்கு வந்தபோது, தனக்கு வர வேண்டிய பாக்கியை வைத்து நீதிமன்றம் போய், அணியை நிர்வாகிகள் கையில் ஒப்படைக்க வழி செய்தவரும் அவர்தான். இழுத்து மூடியிருக்க வேண்டிய இடம், கைமாறிப் பிழைத்தது. நானூறு பேர் வேலை தப்பித்தது. அதே தொழிற்சாலைக்கு 2020-ல், சாகிர் பந்தயத்தில், முதல் சுற்றிலேயே கடைசிக்குத் தள்ளப்பட்டும் திரும்பி வந்து வெற்றி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்த அணிதான் இப்போது ஆஸ்டன் மார்ட்டின்.

இன்னும் பின்னால் போனால் அது ஜோர்டன். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஜோர்டன். டயர்த் தகராறில் ஆறே கார் ஓடிய இண்டியானாபொலிஸில் நரேன் நாலாவது. மூன்றாவது வந்தது அதே அணியின் மற்ற வண்டி. ஃபார்முலா 1-ல் நரேன் கணக்கில் இருக்கிற புள்ளி அந்த ஐந்துதான்.

ஆகவே பெரேஸ் விஷயத்தில் மாமாவிடம் நடுநிலை எதிர்பார்க்க முடியாது. சொல்லிவிட்டேன்.

பருவத்துக்கு வருகிறேன். 2023-ல் 22 பந்தயத்தில் 21-ஐ ரெட் புல்லே தின்று தீர்த்ததைப் பார்த்த நமக்கு 2024 கல்யாண விருந்து. 24 பந்தயம், ஏழு வெற்றியாளர்கள். ரெட் புல் 9, மெக்லாரன் 6, ஃபெராரி 5, மெர்சிடிஸ் 4. ஆனால் ஆரம்பத்தில் யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லை. முதல் பத்தில் ஏழு வெர்ஸ்டாப்பனுக்கு. அதற்கப்புறம் ஆஸ்திரியா முதல் மெக்சிகோ வரை பத்து ஞாயிறு அவர் ஜெயிக்கவே இல்லை. முன்னால் போட்டு வைத்த டெபாசிட்டின் வட்டியிலேயே வருஷத்தை ஓட்டிவிட்டார் என்று சொல்வேன். அப்படிச் சொன்னால் பிரேசிலைச் சொல்லி என்னை அடிப்பீர்கள். வருகிறேன்.

மார்ச் 24, மெல்போர்ன். நமக்குக் காலை ஒன்பதரை. பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் உச்சத்தில் இருந்த மாதம் அது. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டிருந்தது. மாமா ஷாப்பில் வாட்டர் சர்வீஸ் பம்புக்குச் சாக்கு போட்டு மூடியிருந்தார். வருமானத்தில் பாதி அங்கே போயிற்று. வேலையில்லாத ஞாயிறு என்பதால் முழுப் பந்தயமும் பார்த்தோம். வெர்ஸ்டாப்பனின் பின் பிரேக் புகைந்து நாலே சுற்றில் ஒதுங்கினார். ஃபெராரியின் சைன்ஸ் ஜெயித்தார். பதினாறு நாளுக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர். "நம்ம வீட்ல ஆபரேஷன் பண்ணா பதினாறு நாளைக்கு இட்லியத் தாண்ட உடமாட்டாங்க" என்றார் மாமா, இட்லியை விண்டபடி.

அந்த ஆபரேஷனால் சைன்ஸ் ஓட்டாத ஜெட்டா பந்தயத்தில் ஃபெராரியில் ஏறியவர் பேர்மன், பதினெட்டு வயசுப் பையன். ஏழாவது வந்தார், ஆறு புள்ளி. மாற்றாள் கொண்டுவந்த அந்த ஆறும் 652-க்குள் இருக்கிறது. அதே ஜெட்டாவில் ஹாஸ் அணியின் மேக்னுசன் செய்தது இன்னும் அழகு. அபராத விநாடிகள் வாங்கித் தன் பந்தயம் போய்விட்டது என்று தெரிந்ததும், பின்னால் வந்த கூட்டத்தை நந்தி மாதிரி மறித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். அந்த இடைவெளியில் ஹாஸின் மற்ற ஆள் ஹல்கன்பெர்க் டயர் மாற்றிவிட்டு வந்து பத்தாவது இடத்தைப் பிடித்தார். ஒரு புள்ளி. 2023-ல் கடைசி இடத்தில் இருந்த ஹாஸ், 2024-ல் ஏழாவது. இப்படிப் பொறுக்கிச் சேர்த்துத்தான்.

மெல்போர்னில் வில்லியம்ஸ் செய்ததோ நேர் எதிர். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஆல்பன் தன் காரை இடித்துவிட்டார். சட்டகம் போய்விட்டது. மாற்றுச் சட்டகம் ஒன்றுகூட அவர்கள் கொண்டுவரவில்லை, தயாராகவே இருக்கவில்லை. இரண்டாவது ஆளான சார்ஜென்டை இறக்கிவிட்டு, அவர் காரை ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். சார்ஜென்ட் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆல்பன் பதினொன்றாவது வந்தார், புள்ளி கிடையாது. அதே சமயத்தில்தான் அணித் தலைவர் வோல்ஸ், காருக்கான சுமார் 20,000 பாகங்களின் பட்டியலை ஒரு எக்செல் ஷீட்டில் வைத்து நிர்வகித்துக்கொண்டிருந்ததைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாத நிலை. உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் எக்செல் ஷீட்டின் பெயர் 'ஸ்டாக் ஃபைனல் புதுசு 3'. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

ஜூலை 28, ஸ்பா. மெர்சிடிஸின் ரஸ்ஸல் ஒரே ஒரு தடவை டயர் மாற்றி, பழைய டயரிலேயே கடைசிவரை ஓட்டி, அரை விநாடியில் தன் அணியின் ஹாமில்டனுக்கு முன்னால் முடித்தார். அப்புறம் காரை எடை போட்டார்கள். இருக்க வேண்டியது குறைந்தபட்சம் 798 கிலோ. இருந்தது 796.5. வெற்றி பறிபோய், ஹாமில்டனுக்குப் போயிற்று. இரண்டாவது வண்டி ஒட்டியே வந்ததால் வெற்றி மெர்சிடிஸ் வீட்டைவிட்டுப் போகவில்லை.

மாமாவால் இதைத் தாங்க முடியவில்லை. "எட்நூறு கிலோ வண்டில ஒன்றர கிலோவுக்கா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். தேய்ந்த டயரே ஒரு காரணமாக இருக்கலாம் மாமா, ரப்பர் போய்விட்டால் எடையும் போய்விடுமே என்றேன். நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பழைய ஆல்டோவுக்கு நாலு டயரும் மாற்ற வந்தது. மாமா மொழுக்கென்று தேய்ந்த ஒரு டயரையும் புது டயர் ஒன்றையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு, தெருமுனையில் இருக்கிற குஜரிக் கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். குஜரிக்காரர் பழைய பேப்பர்க் கட்டை இறக்கிவிட்டுத் தராசைத் துடைத்துக் கொடுத்தார். புதுசு முதலில், பிறகு பழசு. வித்தியாசம் முக்கால் கிலோவுக்கு ஒரு கண்ணாடி டம்ளர் கனம் கூடுதல். நாலு டயருக்கு மூன்று கிலோ. மாமா கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தார். "இம்மாம் ரப்பரு ரோட்லயா கெடக்குது?" என்று கேட்டார். குஜரிக்காரர், பழைய டயரை விற்கத்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்து விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மெக்லாரனுக்கு வருவோம். மயாமியில் கொண்டுவந்த புதிய பாகங்களோடு கார் வேறு காராகிவிட்டது. நோரிஸ் தன் 110-வது பந்தயத்தில் முதல் வெற்றி அங்கேதான் எடுத்தார். அதற்கப்புறம் அவர்களுக்கு வந்தது வேகம் இல்லாத பிரச்சினை இல்லை, இரண்டு பேருக்கும் வேகம் இருந்த பிரச்சினை. ஹங்கேரியில் டயர் மாற்றும் வரிசையால் நோரிஸ் முன்னால் வந்துவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று சுற்றுக்குச் சுற்று ரேடியோவில் கெஞ்சினார்கள். முடிய இரண்டு சுற்று இருக்கும்போது கொடுத்தார். பியாஸ்ட்ரிக்கு முதல் வெற்றி.

மான்சா நடந்த செப்டம்பர் 1 அன்று நானும் மாமாவும் சென்னையில் இருந்தோம். தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருப் பாதையில் இரவுப் பந்தயம். அதைப் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து போனது. முதல் நாள், பாதைக்குச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகி, எல்லோரும் காத்துக்கொண்டே இருந்தோம். ஞாயிறன்று நேப்பியர் பாலத்து வெளிச்சத்தில் கார்கள் போவதைப் பார்த்தபோது மாமாவுக்குக் கண் கலங்கியதா, புழுதியா, நான் கேட்கவில்லை. அங்கே கேலரியில் உட்கார்ந்துகொண்டே, கைப்பேசியில் மான்சா. முதல் சுற்றிலேயே பியாஸ்ட்ரி, முன்னால் போன தன் அணி ஆள் நோரிஸையே முந்தினார். இரண்டு மெக்லாரனும் இரண்டு தடவை டயர் மாற்ற, ஒரே தடவையில் சமாளித்த லெக்லேர் ஜெயித்துவிட்டார். ஃபெராரிக்காரர்கள் மைதானத்தில் புகுந்து ஆடினார்கள்.

பட்டத்துக்கு ஓடுகிறவன் நோரிஸ், மற்றவன் ஒதுங்கியிருக்க வேண்டாமா என்று அன்றிலிருந்து ஒரே சண்டை. என் கணக்கு இது: நோரிஸ் ஓட்டுநர் பட்டத்தைத் தவறவிட்டது 63 புள்ளியில். ஹங்கேரியில் விட்டுக்கொடுத்தது ஏழு. மான்சாவில் போனது சில. பியாஸ்ட்ரி அடிமை மாதிரி ஓட்டியிருந்தாலும் 63 வராது. அது போனது வருஷ ஆரம்பத்தில், ஆஸ்திரியாவில் வெர்ஸ்டாப்பனோடு மோதியதில், சில்வர்ஸ்டோன் மழையில் டயர் தேர்ந்தெடுத்ததில். பியாஸ்ட்ரியை அடக்கி வைத்திருந்தால் நோரிஸுக்குப் பட்டம் வந்திருக்காது, அணிப் பட்டமும் போயிருக்கும். பாகுவில் பியாஸ்ட்ரி ஜெயித்த அன்றுதான் மெக்லாரன் அணிப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. அதே பந்தயத்தில், முடிய ஒரு சுற்று இருக்கையில், பெரேஸும் சைன்ஸும் மோதிக்கொண்டு சுவரில் போய் நின்றார்கள். ஒரே மாலையில் இரண்டு அணிகளின் இரண்டாவது வண்டி சுவரில், மூன்றாவது அணியின் இரண்டாவது வண்டி மேடையில். இதைவிடத் தெளிவாகக் கடவுளே வந்து சொல்ல முடியாது.

சரி, பிரேசில். நவம்பர் 3, தீபாவளி முடிந்த ஞாயிறு. சனிக்கிழமை மழையால் தகுதிச்சுற்று தள்ளிப்போய், ஞாயிறு நமக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நடந்தது. வெர்ஸ்டாப்பன் இரண்டாம் கட்டத்திலேயே வெளியே. எஞ்சின் மாற்றியதற்கு ஐந்து இடம் அபராதம் வேறு. பதினேழாவது இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். நோரிஸ் முதலிடம். ராத்திரி ஒன்பதுக்குப் பந்தயம். மாமா வீட்டில் மிச்ச அதிரசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் காசு கட்டிப் பார்க்கிற செயலி அன்றைக்குப் பார்த்து நாலு தடவை நின்றது. ஒவ்வொரு தடவை திரும்ப வரும்போதும் வெர்ஸ்டாப்பன் மூன்று இடம் முன்னால் இருந்தார். மழை கொட்டியபோது நோரிஸும் ரஸ்ஸலும் டயர் மாற்ற உள்ளே போனார்கள். ஒக்கோன், வெர்ஸ்டாப்பன், காஸ்லி மூவரும் போகவில்லை. உடனே கோலபின்டோ இடித்து, சிவப்புக் கொடி. பந்தயம் நின்றால் டயரை ஓசியில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போனவர்கள் நஷ்டம், போகாதவர்கள் லாபம். அதிர்ஷ்டம்தான். ஆனால் மறுபடி தொடங்கியதும் அந்தத் தண்ணீரில் வெர்ஸ்டாப்பன் ஓட்டியது அதிர்ஷ்டம் இல்லை. 19 விநாடி வித்தியாசத்தில் வெற்றி. டெபாசிட் பேச்சை இங்கே வாபஸ் வாங்குகிறேன்.

அதே மழை, அதே அணியின் அதே மாடல் கார், பெரேஸ் பதினொன்றாவது. மாமா சட்டையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஒக்கோன் இரண்டாவது, காஸ்லி மூன்றாவது. அதுவரை 14 புள்ளியோடு ஒன்பதாவது இடத்தில் கிடந்த அவர்கள் அணி ஆல்பைன், அந்த ஒரு வாரக் கடைசியில் 35 எடுத்து ஆறாவது ஆகிவிட்டது. கடைசியில் ஹாஸை ஏழே புள்ளியில் தாண்டியது. ஒரு மழை.

அபுதாபியில் நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம். 21 புள்ளி முன்னிலையோடு மெக்லாரன் வந்தது. முதல் வளைவிலேயே வெர்ஸ்டாப்பன் பியாஸ்ட்ரியைத் தட்டிச் சுழற்றிவிட்டார். பத்தொன்பதாவது இடத்தில் கிளம்பிய லெக்லேர் மளமளவென்று மேலே வந்து மூன்றாவது. சைன்ஸ் இரண்டாவது. நோரிஸ் மட்டும் தவறியிருந்தால் கதை முடிந்தது. தவறவில்லை. 26 வருஷத்துக்குப் பிறகு, 1998-க்குப் பின் முதல் அணிப் பட்டம், 14 புள்ளியில். பெரேஸ் முதல் சுற்றிலேயே பின்னாலிருந்து இடிபட்டு, காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கினார். அதுதான் ரெட் புல்லில் அவருடைய கடைசிப் பந்தயம் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது.

இனி அடுத்த வருஷம், 2025. விதிகள் பெரிதாக மாறவில்லை. 2026-ல்தான் எஞ்சினில் பாதி மின்சாரம், நகரும் இறக்கைகள் என்று எல்லாம் தலைகீழாகிறது. 2026 வண்டியை, காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கிற காற்றுச் சுரங்கத்தில் வைக்க 2025 ஜனவரியிலிருந்துதான் அனுமதி. ஆகவே 2025 காருக்கு எவ்வளவு நாள் மெனக்கெடுவது, எப்போது கைகழுவுவது என்பதே ஒவ்வொரு அணிக்கும் பெரிய முடிவு. மேலே இருக்கிறவர்களுக்குச் சுரங்க நேரமும் குறைவு. முதல் அணிக்கு 70 சதவீதம், கடைசி அணிக்கு 115.

மெக்லாரன் ஜோடியைக் கலைக்கவில்லை, காரும் நல்ல கார். என் பணம் அங்கேதான். நோரிஸும் பியாஸ்ட்ரியும் இந்தத் தடவை சமமாக நிற்பார்கள். அப்போது யாரை ஒதுங்கச் சொல்வார்கள்? அந்தத் தலைவலி உறுதி.

ஃபெராரி ஹாமில்டனை எடுத்திருப்பதை என்னால் முழு மனசோடு வாழ்த்த முடியவில்லை. 2011 செப்டம்பரில், காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நைஸ் ரோட்டில் வெயிலில் நின்று, ஹாமில்டன் மெக்லாரனை ஓட்டிக் காட்டியதைப் பார்த்தவன் நான். அந்த வி8 சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. அந்த ஆள் சிவப்பு உடையில் வருகிறார் என்றால் எனக்கும் புல்லரிக்கும். ஆனால் ஜனவரியில் அவருக்கு நாற்பது. இந்த வருஷம் தகுதிச்சுற்றுகளில் ரஸ்ஸலிடம் திணறினார். அவருக்காக அனுப்பிய சைன்ஸ், தனக்கு இடமில்லை என்று பிப்ரவரியிலேயே தெரிந்தும், இரண்டு பந்தயம் ஜெயித்து 290 புள்ளி கொடுத்துவிட்டுப் போகிறார். ஹாமில்டன் 290 எடுப்பாரா? ஆசையைக் கேட்டால் ஆம். ஸ்டோர்ஸ்காரனைக் கேட்டால் சந்தேகம்.

மெர்சிடிஸ் அன்டோனெல்லி என்ற பதினெட்டு வயசுக்காரரை ஏற்றுகிறது. மான்சாவில் முதல் பயிற்சியிலேயே காரை இடித்தவர். வேகம் இருப்பதால்தான் இடித்தார், அது கெட்ட சகுனம் இல்லை. வில்லியம்ஸில் ஆல்பனும் சைன்ஸும்; நடு வரிசையில் இதைவிட நல்ல ஜோடி கிடையாது. எக்செல் ஷீட்டை மட்டும் சரி செய்திருக்க வேண்டும். ஹாஸில் ஒக்கோனும் பேர்மனும், டொயோட்டாவின் கைகொடுப்பும். ஆல்பைன் சொந்த எஞ்சினையே 2026-ல் கைவிட்டு மெர்சிடிஸ் எஞ்சினுக்குப் போகிறது; வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு மெஸ்ஸில் சாப்பிடுகிற குடும்பத்தைப் பற்றி நான் என்ன சொல்ல. சாபர் 24 பந்தயத்தில் எடுத்தது நாலே புள்ளி. ஆடி கார் கம்பெனி வருகிறவரை பொறுக்க வேண்டும். அங்கே போகிற போர்ட்டொலேட்டோ, ஒரு படி கீழே இருக்கிற ஃபார்முலா 2-ன் சாம்பியன். அவரோடு ஒரே அணியில், ஒரே மாதிரிக் காரில் இருந்தவர் நம்ம பெங்களூர் குஷ் மைனி. பதின்மூன்றாவது. அந்த வித்தியாசத்தை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்த அணி வாங்கிய பட்டத்தில் குஷ் சேர்த்த புள்ளிகளும் இருக்கின்றன.

ஆஸ்டன் மார்ட்டினில் அலோன்சோ 70, ஸ்ட்ரோல் 24. முதலாளி மகன் என்பதால் அந்த இரண்டாவது சீட்டில் யாரும் கைவைக்க முடியாது. கார் வடிவமைப்பாளர் நியூவி மார்ச்சில் சேருகிறார், ஹோண்டா 2026-ல் வருகிறது, புதுக் காற்றுச் சுரங்கம் எழும்புகிறது. பணம், மூளை, எஞ்சின் எல்லாம் வந்தாயிற்று. 2025-ல் ஒன்றும் நடக்காது.

மிச்சம் ரெட் புல். வெர்ஸ்டாப்பன் இருக்கிறவரை யாரும் அவர்களைத் தள்ளிவைக்க முடியாது. பக்கத்து வண்டியில் லாசன். மொத்தமே பதினொரு பந்தய அனுபவம். போன ஞாயிறு மாமாவிடம், பெரேஸைவிட மோசமாக யாராலும் போக முடியாது, லாசன் சமாளிப்பார் என்று சொன்னேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பந்தயமா?" என்றார். மொனாக்கோ முடிவதற்குள் லாசன் பெரேஸை நல்லவனாக்கிவிடுவார் என்பது அவர் கட்சி. தோற்றவர், ஜெயித்தவர் குடும்பம் முழுக்க பிரியாணி வாங்கித் தர வேண்டும். அத்தை வீட்டில் ஆறு பேர், எங்கள் வீட்டில் மூன்று. இந்த அநியாயத்தைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஷாப்பில் தொங்குகிற பேரிங் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில் கிரீஸ் விரலோடு எழுதி, எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்து குஜரிக்காரர்.

2025 மார்ச் 16, மெல்போர்ன். மறுபடி காலை ஒன்பதரை.